பங்கர் என்று சொல்லக்கூடாது

லண்டனில் நான் முதலில் குடியிருந்த அறைக்குச் சாய்ந்த கூரை. கட்டிலிலிருந்து எழும்பும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மறந்துபோய் எத்தனையோ தரம் இடித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கூரையில் ஒரு சின்ன யன்னல் இருந்தது. அதைத் தள்ளித் திறந்து கழுத்தை நீட்டினால், பக்கத்துக் கட்டடங்களின் புகைபோக்கிகளுக்கு அப்பால் சென்ற் போல்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் தெரியும். மழைக்காலத்தில் சாம்பல் நிறம். வெயில் பட்டால் வெள்ளி மாதிரி.

நான் வேலை செய்த ஹோட்டலின் உச்சி மாடி அது. பாரிங்டன் நிலையத்தில் இறங்கி நடந்து போகக்கூடிய தூரம். எண்பதுகளின் நடுவில், இந்த நாட்டுக்கு வந்து கொஞ்சக் காலத்திலேயே அங்கே சேர்ந்துவிட்டேன். கட்டில் விரிப்பும் துவாயும் மாற்றுவது, அழுக்குத் துணியை மூட்டை கட்டி லாரிக்கு அனுப்புவது, சலவைக்குப் போய் வந்ததை அடுக்குவது என் வேலை. பத்தாம் வகுப்புவரை படித்தவனுக்கு அது நல்ல வேலைதான். அதிகம் பேசத் தேவையில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் குறைவு. தமிழிலேயே நாலு பேருக்கு முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிறவன், இங்கிலீசில் என்ன கதைப்பான்?

சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அறை தந்தார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் போனால் அது எப்படிப்பட்ட கயிறு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட நாங்கள் சேர்ந்து இருக்கவில்லை. என்னுடைய அகதி வழக்கு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. அந்தக் கட்டடத்துக்குப் போன நாட்களில் வரிசையில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். மாடிக்கு மேல் மாடி, கழுத்து வலிக்கும். எந்த மாடியில் என் பெயர் இருக்கிறதோ என்று நினைப்பேன். கடைசியில் இங்கே இருக்கலாம் என்று விட்டார்கள். ஆனால் மனைவியைக் கூப்பிடுவதற்கு இன்னும் சில வருடம் பொறுக்க வேண்டும், அவளைப் பராமரிக்க வருமானமும், இரண்டு பேர் தங்க இடமும் இருக்கிறதென்று காட்ட வேண்டும் என்றார்கள். எனக்கு இருந்த இடம் அந்த ஓர் அறைதான். ஹோட்டல் முதலாளி, இரண்டு பேருக்கு இடம் தருவேன் என்று கையெழுத்து வைத்துத் தந்தார். ஆகவே அந்த வேலையை விட்டு நான் அசைய முடியாது. அசைந்தால் அவளுடைய வரவும் அசையும்.

அறையைப் பற்றி அவளுக்கு எழுதியிருந்தேன். கட்டிலை யன்னலுக்குக் கீழே போட்டிருப்பதையும், யன்னலில் கோபுரம் தெரிவதையும் எழுதினேன். குவிமாடம் என்று எழுதினால் அவளுக்கு விளங்காது என்று கோபுரம் என்றே எழுதினேன். கோபுரம் தெரிகிற அறை என்றால் காலையில் எழும்பிக் கும்பிட வசதிதான் என்று பதில் போட்டிருந்தாள்.

முதலாளி கெட்ட மனிதர் அல்ல. தகப்பன் விட்டுப்போன ஹோட்டலை நடத்திக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒரே கவலை, அறை போதாது என்பது. கோடைகாலத்தில் பஸ் பஸ்ஸாக உல்லாசப் பயணிகள் வருவார்கள். பயண ஏற்பாட்டாளர்கள் ஒரு பஸ் முழுவதையும் ஒரே இடத்தில் இறக்கத்தான் விரும்புவார்கள். எங்களிடம் அவ்வளவு அறை இல்லை. அதனால் அந்தப் பஸ்கள் எங்கள் வாசலைத் தாண்டி, மேற்குப் பக்கம் விமான நிலைய வழியில் இருந்த உயரமான ஹோட்டல்களுக்குப் போய்விடும். அடுத்த நாள் காலையில் அதே பஸ், அதே ஆட்களை, தேவாலயம் பார்க்க எங்கள் தெருவாலேயே ஏற்றிக்கொண்டு வரும். முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மேலே இரண்டு மாடி கட்டுவதென்று முடிவெடுத்தார். வரைபடம் கீறி வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டினார். பணியாளர் அறைகள் பின்பக்கமாக, புதிய மாடியில், இன்னும் உயரத்தில். எனக்குக்கூடச் சந்தோஷம். யன்னலைத் திறந்து கழுத்தை நீட்டாமலே கோபுரம் தெரியும் என்று கணக்குப் போட்டேன்.

கவுன்சில் மறுத்துவிட்டது. தேவாலயத்தை முன்னிட்டு உயரம் கூட்ட முடியாதாம்.

அன்று முதலாளி சமையலறைக்கு வந்து எங்களோடு நின்றே தேநீர் குடித்தார். சமையலறையில் வேலை செய்த அண்ணை ஒருவர் இருந்தார். அவரும் யாழ்ப்பாணம்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் வாய் திறக்காத இடமெல்லாம் எனக்கும் சேர்த்துக் கதைப்பவர். அவர் என்னிடம் தமிழில் சொன்னார்:

“இதுக்கு ஏனடாப்பா இந்தாள் மூஞ்சையைத் தொங்கப்போடுறார்? கோயில் கோபுரத்துக்கு மேலாலை ஆரும் வீடு கட்டுறதே? எங்கட ஊரிலையும் விடமாட்டாங்கள்தானே.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. முதலாளியைத் தேற்ற நினைத்து, என்ன துணிவில் என்று தெரியவில்லை, நானே இங்கிலீசில் சொன்னேன். கடவுளுடைய வீட்டை விட உயரமாக எவரும் கட்டக்கூடாது, சேர், எங்கள் நாட்டிலும் அப்படித்தான் என்று.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். கடவுளா, கடவுளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். பிறகு மேசையில் உப்புப் போத்தலையும் கோப்பையையும் வைத்து விளக்கினார். வடக்கே சில மைல் தள்ளி ஒரு மேட்டுப் புல்வெளி இருக்கிறது. அங்கே நின்று பார்க்கிறவர்களுக்குத் தேவாலயத்தின் குவிமாடம் மறையக்கூடாது. அந்த மேட்டுக்கும் குவிமாடத்துக்கும் நடுவே காற்றில் ஒரு கோடு போகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே நம்முடைய கூரை இருக்கிறது. கூரை உயர்ந்து அதைத் தொட்டால் குற்றம்.

“அந்தக் குவிமாடத்தைப் பார்ப்பதற்காகத்தான் இந்த நகரத்துக்கே ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களைப் படுக்க வைக்க எனக்கு இடமில்லை. இரண்டுக்கும் ஒரே காரணம்,” என்றார்.

நான் முகம் சிவந்து துவாய்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். அன்று அறைக்குள் நின்று கூரையைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு என் தலைக்கு மேலே ஓடுகிறது. எங்கேயோ புல்லில் நாயோடு உலாவுகிற ஒருவர் நிமிர்ந்து பார்ப்பதற்காக நான் தலை குனிந்துகொண்டே எழும்ப வேண்டியிருக்கிறது. அப்படி யோசித்தது நியாயமில்லை. கோபுரம் எனக்கும் தெரிந்துகொண்டுதானே இருந்தது.

மேலே போக முடியாதவர் கீழே போனார். கீழே தோண்டுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் இயந்திரம் நிலத்தைக் குடைந்தது. பழைய நிலவறைக்கு அடியில் இன்னொரு தளம் வந்தது. நிலவறை இருந்த தளத்தில் விருந்தினர் அறைகள். அதற்கும் கீழே துணி அறை, கொதிகலன், பணியாளர் அறைகள். நாங்கள் இருந்த உச்சி மாடியைப் புதுப்பித்து, சாய்ந்த கூரைக்கு வெள்ளையடித்து, யன்னலைப் பெரிதாக்கி, ‘குவிமாடம் தெரியும் அறை’ என்று விளம்பரம் போட்டார்கள். ஹோட்டலில் அதிக வாடகை அந்த அறைகளுக்குத்தான்.

என் கட்டிலும் பெட்டியும் கீழே வந்தன. அறை பழையதைவிடப் பெரியது. சூடு தாராளம். தலை எங்கும் இடிக்காது. குறை சொல்ல எனக்கு வார்த்தை அகப்படவில்லை. அவளுக்கு எழுதும்போது, அறை மாறிவிட்டது, இப்போது கீழே, யன்னல் இல்லை, ஆனால் இடம் தாராளம் என்று எழுதினேன். அந்தக் கடிதம் அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போன கடிதங்களில் பாதி அப்படித்தான்.

நிலத்துக்குக் கீழே இருந்த விருந்தினர் அறைகளில் முதலாளி ஒரு வேலை செய்திருந்தார். யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சட்டம். சட்டத்துக்குள் குவிமாடத்தின் பெரிய படம், படத்துக்குப் பின்னால் ஒரு மின்விளக்கு, முன்னால் உண்மையான திரைச்சீலை. பின்னேரம் போய் அந்தத் திரைகளை இழுத்து மூடுவதும் காலையில் திறப்பதும் என் வேலையாயிற்று. எதற்காக மூடுகிறோம் என்று ஒருநாளும் கேட்கவில்லை. படத்தில் எப்போதும் வெயில்.

அந்தத் தளத்துக்கு அண்ணைதான் பெயர் வைத்தார். முதல்நாள் படி இறங்கி வந்து, இடுப்பில் கைவைத்து அங்குமிங்கும் பார்த்தார்.

“அட, இது பங்கரெல்லே! வெள்ளைக்காரன் காசு குடுத்து பங்கருக்குள்ளை படுக்கிறான். எங்கட சனத்துக்கு அது சும்மா கிடைக்குது.”

நான் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் அப்போது வீட்டுக்கு வீடு பங்கர், பதுங்குகுழி. விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகுட்டியோடு நிலத்துக்குள் இறங்குவார்கள். அதிலிருந்து அந்தச் சொல் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. பங்கரில் மூன்று துவாய் குறைகிறது, பங்கரில் குழாய் ஒழுகுகிறது என்று படிக்கட்டில் நின்று கூப்பிடுவோம். தமிழ்தானே, யாருக்கு விளங்கப்போகிறது?

ஜெர்மனியிலிருந்து ஒரு பஸ் வந்தது. முழுப் பஸ்ஸும் எங்களிடமே தங்கியது. முதலாளி அன்று புது டை கட்டியிருந்தார். எல்லோரும் வயதானவர்கள், உலக யுத்தத்தைக் கண்ட வயது. அடுத்த நாள் காலையில் நான் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அண்ணை படியின் மேலேயிருந்து கத்தினார்:

“தம்பி, பங்கருக்கு இன்னும் விரிப்பு வேணுமே?”

“ஓம் அண்ணை, பங்கருக்கு ஒண்டும் காணாது!”

பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஒரு கிழவி, இரவு உடுப்போடு, மேல்சட்டையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது, இரவு தூங்காத முகம். என்னைப் பார்த்து “பங்கர்?” என்றார். அவருடைய மொழியிலும் அதே சொல்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தலையாட்டினேன். அவர் மேல்கூரையைக் கையால் காட்டினார், சுவரைக் காட்டினார், படத்தைக் காட்டினார். “பங்கர், பங்கர்,” என்று தானும் தலையாட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த பொதுச்சொல் அது ஒன்றுதான். பிறகு கதவைச் சாத்திவிட்டார்.

மத்தியானத்துக்குள் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் மேலே அறை கேட்டார்கள். மேலே ஏது அறை? அந்தப் பஸ் மறுபடி வரவில்லை. முதலாளி எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். இனிமேல் அந்தச் சொல்லை எந்த மொழியிலும் சொல்லக்கூடாது என்றார். ‘லோயர் கிரவுண்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணை வெளியே வந்து, “லோயர் கிரவுண்டாம், லோயர் கிரவுண்ட். பேரை மாத்தினா காத்து வருமே?” என்றார்.

நான் அன்றிலிருந்து சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது எனக்குச் சுலபம். ஆனால் படி இறங்கும்போதெல்லாம் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. குளிர்காலத்தில் விடியுமுன் துணி லாரி வரும். ஏற்றிவிட்டுக் கீழே போனால், திரும்ப மேலே வரும்போது இருட்டு. மழையா வெயிலா என்று விருந்தினரின் சப்பாத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வேறு வேலை தேடு, அறை எடு என்று அண்ணை சொல்வார். அவளுக்கு விசா வரும்வரை ஏலாது என்பேன். விசா வரட்டும், வரட்டும் என்று தொண்ணூறுகளும் வந்துவிட்டன.

ஒருவழியாக வந்தது. அவள் கொழும்புக்கு வந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு வசந்தகால மத்தியானம் விமானத்தால் இறங்கினாள். மெலிந்திருந்தாள். என்னுடைய கோட்டைப் போட்டுவிட்டேன், கை விரல் நுனிதான் தெரிந்தது. ரயிலில் வரும்போது யன்னல் பக்கமே இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“கோபுரம் எப்ப தெரியும்?” என்று கேட்டாள்.

அப்போதுதான் கடிதம் கிடைக்கவில்லை என்று விளங்கியது. அறை மாறிவிட்டது என்று சொன்னேன்.

“எங்கை மாறினது?”

“கீழை. பெரிய அறை.”

“பரவாயில்லை,” என்றாள். கீழே என்றால் தரையோடு ஒட்டிய அறை என்று நினைத்திருக்க வேண்டும். நான் அதற்குமேல் விளக்கவில்லை. ரயில் நிறைய ஆட்கள்.

பணியாளர் வாசலால் உள்ளே வந்தோம். நான் பெட்டியோடு முன்னால் படி இறங்கினேன். முதல் வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தால் அவள் பின்னால் இல்லை. வளைவில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாரும்,” என்றேன்.

“இன்னும் இறங்கவேணுமே?”

“கொஞ்சம்தான்.”

கொதிகலன் கீழே உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு விருந்தினர் அறை துப்பரவாக்கத் திறந்து கிடந்தது. அவளை ஆறுதல்படுத்த நினைத்து, இஞ்சை பாரும், கோபுரம் என்று அந்தத் திரையைக் காட்டினேன். அவள் மெல்ல வந்து திரையை விலக்கினாள். படத்தில் கைவைத்தாள். விளக்குச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்திருக்கும். கையை எடுத்துவிட்டாள்.

“இது பங்கர்,” என்றாள்.

“அப்படிச் சொல்லக்கூடாது,” என்றேன். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

“சொல்லக்கூடாதோ? நான் அதுக்குள்ளை கிடந்தனான். பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு, அப்பா வெட்டினது. மழைக்குத் தண்ணி நிக்கும். பாம்பும் வரும். எண்டாலும் வாசலிலை ஒரு துண்டு வானம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தனாங்கள். இதுக்கு அதுவும் இல்லையே.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இஞ்சேருங்கோ, என்னாலை ஏலாது. கோவியாதையுங்கோ. இதைத் தவிர எங்கையெண்டாலும் இருக்கிறன்,” என்றாள்.

அவள் மேலே ஏறிப் போய்விட்டாள். வரவேற்பறையின் சோபாவில், விருந்தினர் இருக்கிற இடத்தில், என் கோட்டோடு போய் இருந்துகொண்டாள். பணியாளர்கள் அங்கே இருக்கக்கூடாது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முதலாளி மேசைக்குப் பின்னால் நின்றார். அன்றுவரை அந்தக் கையெழுத்தைத் தவிர அவரிடம் எதையும் கேட்டதில்லை.

மேலே என்னுடைய பழைய அறை இருக்கிறதா, சேர், கொஞ்ச நாளைக்கு என்றேன்.

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அது கோடை முடியும்வரை பதிவாகிவிட்டது, குவிமாட அறைகள்தான் ஹோட்டலைக் காப்பாற்றுகின்றன என்றார். கீழே இரண்டு பேருக்குத் தாராளமாக இடம் இருக்கிறதே, நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேனே என்றார். அதுவும் உண்மை.

“அவ கீழை வரமாட்டா,” என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு இங்கிலீசில் சொன்னேன். ஏன் என்று கேட்டார். விலக்கிய சொல்லைத் தவிர வேறு சொல் எனக்கு வரவில்லை. “பங்கர், சேர்,” என்றேன். “என் மனைவி நிறையக் காலம் பங்கரில் இருந்தவள்.”

அவர் சோபாவைப் பார்த்தார். ஒரு தேநீர் கொண்டுவரச் சொன்னார், விருந்தினர் கோப்பையில்.

தேநீரைக் கொண்டுவந்தவர் அண்ணை. விஷயத்தைக் கேட்டதும், “இதுக்கே இவ்வளவு யோசனை? நோர்பரியிலை என்ரை மச்சாள் வீட்டிலை மேல்மாடியிலை ஒரு குட்டி அறை கிடக்கு. கட்டில் போட்டா நடக்க இடமில்லை. யன்னல் இருக்கு. தங்கச்சி, எழும்பும்,” என்றார். அவள் தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழும்பினாள்.

அந்த அறையில்தான் அன்று படுத்தோம். யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு குப்பைத் தொட்டியும் தெரிந்தன. அவள் திரையே போடவிடவில்லை.

வாடகை கொடுக்க வேண்டியிருந்ததால் ஹோட்டல் வேலையை விட முடியவில்லை. முன்பு அறைக்காக வேலையில் இருந்தேன். பிறகு வேலையிருந்தால்தான் அறை என்றாயிற்று. வருடங்கள் போயும் அதே துணி அறைதான். நோர்பரியில் முதல் ரயில் எடுத்து வந்து, அதே படியால் இறங்கி, படத்தின் திரையை விலக்குகிறேன். இப்போது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆங்காங்கே புதிய உயரமான கட்டடங்கள் எழும்புகின்றன. கோடு போகாத இடத்தில் யாரும் கட்டலாம். எங்கள் ஹோட்டலுக்கு மேலே மட்டும் வானம் அப்படியே காலியாகக் கிடக்கிறது.

ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், முதலாளி சொன்ன அந்த மேட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். மேட்டைப் பற்றி நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். கேட்டுக் கேட்டு நடந்து போனோம். நிறைய ஆட்கள் புல்லில் இருந்தார்கள், நாய்கள் ஓடின. வெள்ளைக்காரர்கள் குழந்தைகளுக்குக் கையை நீட்டிக் காட்டினார்கள். தூரத்தில் குவிமாடம், சின்னதாக, முழுதாக, எதுவும் மறைக்காமல் நின்றது.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். தேவாலயமோ கோயிலோ, அவளுக்கு அது நான் வாக்குக் கொடுத்த கோபுரம்.

“உங்கட ஹோட்டல் எங்கை?” என்று கேட்டாள்.

விரலை நீட்டினேன். கோபுரத்துக்கு இந்தப் பக்கம், கீழே, கட்டடங்களுக்கு நடுவே. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“தெரியேல்லையே.”

“தெரியாது.”

“நல்லாப் பாருங்கோ.”

பார்த்தேன். கூரைகளெல்லாம் ஒரே புகை நிறத்தில் ஒன்றாகக் கிடந்தன. நாளைக்குக் காலையில் நான் நிற்கப்போகிற இடம் அதற்குள் எங்கேயோ, அதற்கும் கீழே. தெரியக்கூடாது என்பதுதானே சட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் புல்லில் சேலையை ஒதுக்கிக்கொண்டு இருந்துவிட்டாள்.

“கொஞ்சம் இருந்திட்டுப் போவம்,” என்றாள். “உங்களுக்கும் காத்துப் படட்டும்.”

ஒரு நாய் வந்து என் சப்பாத்தை மணந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசி வெளிச்சம் போகும்வரை நாங்கள் எழும்பவில்லை.